பரவிய மார்பகப் புற்றுநோய்க்கு வெறும் மாத்திரை போதுமா? 130 வருஷத்துக்கு முன்பே வழி காட்டிய திருகோணமலைப் பிறப்பு டாக்டர் பீட்சன்

மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று ஸ்கேன் ரிப்போர்ட் வருகிறது. வீட்டில் எல்லோரும் கீமோவுக்கு மனசைத் தயார்படுத்திக்கொண்டு போகிறார்கள். ஆனா டாக்டர், தினமும் ஒன்றிரண்டு மாத்திரை, சிலருக்கு மாதம் ஒரு ஊசி, அவ்வளவுதான் என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார். முடி கொட்டாது. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டாம்.

கடலூரோ சிதம்பரமோ, இந்த இடத்தில் பல குடும்பங்களுக்கு நிம்மதி வருவதில்லை, சந்தேகம்தான் வருகிறது. இவ்வளவு பெரிய நோய்க்கு இத்தனை சின்ன மாத்திரையா? கைவிட்டுட்டாங்களா? வேற ஊருக்குப் போய் கீமோ போட்டுக்கலாமா?

கைவிடவில்லை. ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோயில், பரவிய பிறகும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியதே ஹார்மோன் சிகிச்சைதான். அதிலும் எந்த மருந்து முதலில், எது அடுத்து, எது கடைசியில் என்ற வரிசை, நோயாளி எத்தனை மாதம், எத்தனை வருஷம் நல்லா நடமாடுகிறார் என்பதைத் தீர்மானிப்பதில் முக்கியமானது. இந்த மொத்த சிகிச்சைக்கும் தொடக்கம் ஒரு மனிதர்: சர் ஜார்ஜ் தாமஸ் பீட்சன். பிறந்த ஊர், நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் திருகோணமலை.

யார் இந்த பீட்சன்?

கடலூருக்கும் திருகோணமலைக்கும் பழைய கடல் தொடர்பு உண்டு. 1782-ல் திருகோணமலையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரன்தான், அடுத்த வருஷம் கடலூர்க் கடலில் ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதினார். பிறகு திருகோணமலை பிரிட்டிஷாரின் முக்கியமான துறைமுகமாக ஆனது. அங்கே 1848-ல் பிறந்தார் ஜார்ஜ் பீட்சன். அப்பா பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்.

பிறந்தது மட்டும்தான் இலங்கை. வளர்ந்தது ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில். கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கிவிட்டு, எடின்பரோவில் மருத்துவம் படித்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வாத்தியார் சாதாரண ஆள் இல்ல. ஜோசப் லிஸ்டர். அறுவை செய்யும் கையும் கருவியும் காயமும் கிருமி நீங்கி இருக்க வேண்டும் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர். அவரிடம் உதவி மருத்துவராக பீட்சன் வேலை பார்த்தார்.

இது ஏன் முக்கியம்? அதுவரை வயிற்றைத் திறந்து அறுவை செய்தால், நோயாளி பிழைப்பது அதிர்ஷ்டம். லிஸ்டரின் முறை வந்த பிறகுதான் வயிற்றுக்குள் கை வைக்கும் தைரியம் மருத்துவர்களுக்கு வந்தது. பீட்சன் பின்னால் செய்யப்போகும் காரியத்துக்கு இந்தப் பயிற்சி இல்லாமல் வழியே இல்லை.

ஆட்டுப்பண்ணையில் கிடைத்த ஐடியா

1876-ல் பீட்சனுக்கு ஒரு வேலை வந்தது. மனநலம் பாதிக்கப்பட்ட ஒரு செல்வந்தர், மேற்கு ஸ்காட்லாந்தில் தன் எஸ்டேட்டில் இருக்கிறார். கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள ஒரு டாக்டர் வேண்டும். வேலை கம்மி, நேரம் நிறைய. அந்த நேரத்தில் எம்.டி. ஆய்வேட்டை எழுதி முடித்துவிடலாம் என்று பீட்சன் போனார்.

பக்கத்துப் பண்ணையில் ஆட்டுக்குட்டிகளைத் தாய்ப்பாலில் இருந்து பிரிக்கும் சீசன். அதைப் பார்த்துப் பார்த்து, பால் சுரப்பு எப்படி நடக்கிறது என்பதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டார்.

தேடப் போனதில் ஒரு தகவல் அவரை நிறுத்தியது. மாடு தொடர்ந்து பால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், கன்று ஈன்ற பிறகு அதன் சினைப்பைகளை எடுத்துவிடும் வழக்கம் சில நாடுகளில் இருந்தது. கறவை மாடு வளர்ப்பவர்களுக்கு இதில் இருக்கும் ஆச்சரியம் சட்டென்று புரியும். கன்று செத்துப்போனால் வைக்கோல் கன்றைக் காட்டிப் பால் கறந்த ஊர் நம்முடையது. மடி தனியாக வேலை செய்வதில்லை, உடம்பின் வேறு ஏதோ ஒன்று அதை இயக்குகிறது என்று அனுபவத்தில் நமக்குத் தெரியும். பீட்சன் அந்த வேறு ஏதோ ஒன்றைத் தேடினார். இடுப்புக்குள் இருக்கும் ஒரு சின்ன உறுப்பு, எவ்வளவோ தள்ளி இருக்கும் மார்பைக் கட்டுப்படுத்துகிறது. நடுவில் நரம்பு இணைப்பு எதுவும் தெரியவில்லை. எப்படி?

ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது. அது பிறந்தது 1905-ல். ஈஸ்ட்ரோஜன் குடும்பத்து ஹார்மோன் ஒன்றைப் பிரித்தெடுத்தது 1929-ல். ஆக, பீட்சன் கேட்ட கேள்விக்கு விடை வர இன்னும் 50 வருஷம் இருந்தது.

அவர் இன்னொன்றையும் கவனித்தார். பால் சுரக்கும் காலத்தில் மார்பின் செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. புற்றுநோயிலும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், பால் சுரக்கும் மார்பில் அந்த செல்கள் உடைந்து பாலாகிவிடும். புற்றுநோயில் உடையாமல் பெருகிக்கொண்டே போகும். அப்படியானால், பெருக்கத்துக்கு உத்தரவு கொடுப்பது சினைப்பையாக இருக்குமா? அதை எடுத்துவிட்டால் அந்தக் கட்டியும் கரையுமா?

இன்றைய அறிவியலில் பார்த்தால் இந்த விளக்கத்தில் பாதி தப்பு. ஆனா போய்ச் சேர்ந்த இடம் சரி. புற்றுநோய்க்கு ஏதோ ஒட்டுண்ணிதான் காரணம் என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், உடம்பின் ஒரு உறுப்பே இன்னொரு உறுப்பின் புற்றுநோய்க்குத் தீனி போடலாம் என்று அவர் யோசித்தார்.

1878-ல் எம்.டி. முடிந்தது. கிளாஸ்கோ நகருக்குப் போய் அறுவை மருத்துவராக ஆனார். ஐடியா 17 வருஷம் மனசிலேயே இருந்தது.

1895, ஜூன் 15

1895 மே மாதம் ஒரு பெண் அவரிடம் வந்தார். வயது 33. இரண்டு குழந்தைகளின் தாய். மார்பை ஏற்கெனவே அறுவை செய்து எடுத்தாகிவிட்டது. ஆனா அந்தத் தழும்பிலேயே கட்டி திரும்ப வந்து, நெஞ்சோடு ஒட்டி வளர்ந்திருந்தது. இனி கத்தி வைக்க முடியாது என்ற நிலை. அன்றைக்கு இப்படிப்பட்டவர்களுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. கீமோ கிடையாது. கரண்ட் வைக்கிறது என்று நம்ம ஊரில் சொல்லும் கதிர்வீச்சும் கிடையாது. எக்ஸ்ரேயே அந்த வருஷம் நவம்பரில்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

பீட்சன் எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்கவில்லை. அப்போது புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த தைராய்டு சாறு மாத்திரையை முதலில் கொடுத்துப் பார்த்தார். சுமார் ஒரு மாதம். பலன் இல்லை. அப்புறம்தான் அந்தப் பெண்ணையும் கணவரையும் உட்காரவைத்து, தன் மனசில் இருப்பதைச் சொன்னார். இது புது முயற்சி, பலன் கிடைக்கும் என்று உறுதி தர முடியாது என்பதையும் மறைக்கவில்லை. அவர்கள் சம்மதித்தார்கள்.

ஜூன் 15 அன்று இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார். மார்பில் இருந்த கட்டியைத் தொடவே இல்லை.

சில வாரங்களில் கட்டி மென்மையாகி, சுருங்கத் தொடங்கியது. எட்டு மாதத்தில் தேடினாலும் தெரியவில்லை. 1896 மே மாதம் எடின்பரோ மருத்துவச் சங்கக் கூட்டத்துக்கு அந்தப் பெண்ணையே அழைத்துப்போய் மருத்துவர்கள் முன்னால் காட்டினார். ஜூலையில் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. பரவிய புற்றுநோய் ஒன்று, அதன் பக்கமே போகாத ஒரு சிகிச்சைக்குப் பின்வாங்கியது என்று பதிவானது மருத்துவ உலகத்துக்குப் புதுசு.

அந்தப் பெண் குணமாகிவிட்டார் என்று கதையை இங்கேயே முடித்தால் அது பொய்யாகிவிடும். அறுவைக்குப் பிறகு சுமார் நான்கு வருஷம் வாழ்ந்தார். பிறகு நோய் திரும்பியது, இறந்துபோனார். சில மாதங்களே மிச்சம் என்று நினைத்த இடத்தில் நான்கு வருஷம். ரெண்டு பிள்ளைகளுக்கு அம்மாவோடு இன்னும் நாலு வருஷம். இன்றைக்கும் பரவிய நிலையில் ஹார்மோன் சிகிச்சை தர நினைப்பது இதைத்தான்: நோயைப் பின்வாங்க வைத்து, நல்ல நிலையில் காலத்தைக் கூட்டுவது.

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சினைப்பையை எடுக்கலாம் என்ற யோசனையை ஜெர்மனியின் ஆல்பர்ட் ஷின்ட்ஸிங்கர் 1889-லேயே ஒரு மருத்துவ மாநாட்டில் சொல்லியிருந்தார். செய்து காட்டியது பீட்சன்.

எல்லோருக்கும் ஏன் பலிக்கவில்லை?

செய்தி பரவியதும் பிரிட்டனில் பல மருத்துவர்கள் இந்த அறுவையைச் செய்யத் தொடங்கினார்கள். 1900-ல் லண்டனின் ஸ்டான்லி பாய்ட், அதுவரை அறுவை செய்துகொண்டவர்களின் விவரங்களைத் திரட்டிக் கணக்குப் போட்டார். சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் தெளிவான பலன். 1905-ல் ஹ்யூ லெட் என்பவர் 99 பேரின் விவரத்தைப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

இதை மறுபக்கத்தில் இருந்து பாருங்கள். மூன்றில் இரண்டு பெண்கள் வயிற்றைக் கிழித்துக்கொண்டார்கள், இளவயதிலேயே மாதவிடாய் நின்றுபோனது, ஆனா நோய் அசையவில்லை. யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதனால் மெல்ல மெல்ல இந்த அறுவை மவுசு இழந்தது.

இந்தப் புதிருக்கு விடை வர பாய்ட்டின் கணக்குக்கு அப்புறம் 60 வருஷம் ஆனது. சிகாகோவில் எல்வுட் ஜென்சன் ஈஸ்ட்ரோஜனுக்குக் கதிரியக்கக் குறி வைத்து, அது உடம்பில் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தார். சில செல்களில் மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதம் இருந்தது. அதுதான் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர், தமிழில் ஏற்பி. ஈஸ்ட்ரோஜன் சாவி என்றால் இது பூட்டு. பூட்டு இருக்கும் புற்றுநோய்க்குத்தான் சாவியை எடுத்தால் பாதிப்பு. பூட்டே இல்லாத புற்றுநோய்க்கு சாவி இருந்தால் என்ன, போனால் என்ன?

உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்டில் இ.ஆர். பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ் என்று ஒரு வரி இருக்குமே, அது இந்தப் பூட்டு இருக்கிறதா என்ற டெஸ்ட்தான். உலக அளவில் மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் சுமார் 10-ல் 7 பேருக்கு இது பாசிட்டிவ். இந்தியாவில் இந்தப் பங்கு கொஞ்சம் குறைவு.

டாக்டர் மட்டுமா அவர்?

கிளாஸ்கோ மக்களுக்கு பீட்சனைத் தெரிந்தது இந்த அறுவையால் மட்டும் இல்ல. 1882-ல் அங்கே தொடங்கிய செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆம்புலன்ஸ் சங்கத்தை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். தொழிற்சாலையிலும் கப்பல் பட்டறையிலும் அடிபட்டவர்களை எப்படித் தூக்குவது, ரத்தத்தை எப்படி நிறுத்துவது என்று சாதாரண ஜனங்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கும் அமைப்பு அது. ஸ்காட்லாந்து செஞ்சிலுவைச் சங்கக் கிளையின் தலைமைப் பொறுப்பிலும் இருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் காயம்பட்ட வீரர்களுக்கான வேலைகளில் அதற்குப் பெரிய பங்கு இருந்தது. 1907-ல் சர் பட்டம் கிடைத்தது.

இதோடு கிளாஸ்கோ புற்றுநோய் மருத்துவமனையைப் பல வருஷம் தலைமையேற்று நடத்தினார். புற்றுநோய் என்றால் வீட்டு மூலையில் படுக்க வைத்துவிடும் காலத்தில், அதற்கென்று தனி மருத்துவமனையும் ஆராய்ச்சியும் வேண்டும் என்று நின்றவர். நம்ம ஊரில் 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியதற்குப் பின்னாலும் இதே பிடிவாதம்தான்.

1933-ல் பீட்சன் காலமானார். கிளாஸ்கோவின் பெரிய புற்றுநோய் மையம் இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது. ஆனா மூன்றில் ஒருவருக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு விடை தெரியாமலேயே அவர் போய்விட்டார்.

வரிசை என்ற யோசனை எங்கிருந்து வந்தது?

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இன்னொரு உண்மையைக் கண்டார்கள். சினைப்பையை எடுத்துப் பலன் கிடைத்தவருக்கு, சில காலம் கழித்து நோய் திரும்பும். அப்போது 1950-களில் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியை எடுத்தார்கள். சார்லஸ் ஹக்கின்ஸ் இதில் முன்னோடி. சிலருக்கு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியையே எடுத்தார்கள். நோய் மறுபடி அடங்கியது. கொடுமையான அறுவைகள்தான். ஆனா அதில் இருந்து ஒரு விதி கிடைத்தது: முதல் ஹார்மோன் சிகிச்சைக்கு நல்லா பலன் கிடைத்தவருக்கு, இரண்டாவதுக்கும் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். முதலாவதுக்கே அசையாத நோய், அடுத்ததுக்கும் அசைவது கஷ்டம்.

ஒன்றன் பின் ஒன்றாக சிகிச்சையை அடுக்கும் இன்றைய முறைக்கு இந்த விதிதான் அஸ்திவாரம்.

அதுக்கப்புறம் ஒவ்வொரு கத்திக்கும் பதிலாக ஒரு மருந்து வந்தது.

* டமாக்சிஃபென்: இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் டோரா ரிச்சர்ட்சன் 1962-ல் உருவாக்கியது. தேடியது கருத்தடை மாத்திரை. அந்த வேலைக்கு உதவவில்லை. 1971-ல் மான்செஸ்டரில் பரவிய மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் வெளிவந்தன. பூட்டுத் துளையை அடைத்து, சாவி நுழையாமல் தடுக்கும் மருந்து இது.
* கோசெரலின் போன்ற ஊசிகள்: சினைப்பையைத் தூங்கவைக்கும். பீட்சன் கத்தியால் செய்ததை 28 நாளுக்கு ஒரு ஊசி செய்கிறது. நிறுத்தினால் சினைப்பை திரும்ப வேலை செய்யலாம்.
* லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன்: மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்பு போன்ற திசுக்கள் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும். அதற்கான மூலப்பொருள் அட்ரினலில் இருந்து வருகிறது. அந்தத் தயாரிப்பை இந்த மாத்திரைகள் நிறுத்தும்.
* ஃபுல்வெஸ்ட்ரன்ட்: பூட்டையே உடைத்து அழிக்கும் ஊசி.
* பால்போசிக்ளிப், ரிபோசிக்ளிப், அபெமாசிக்ளிப்: சிடிகே 4/6 தடுப்பான்கள் என்று பெயர். செல் இரண்டாகப் பிரியும் வேலைக்கு பிரேக் போடும். தனியாக இல்லாமல் ஹார்மோன் மருந்தோடு சேர்த்துத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். முதலாவது மருந்து சந்தைக்கு வந்தது 2015-ல்.

இன்று எது முதலில் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

டாக்டர் மனசில் ஓடும் கேள்விகள் இவை.

1. இ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 டெஸ்ட் என்ன சொல்கிறது? இ.ஆர். நெகட்டிவ் என்றால் பாதை வேறு. முடிந்தால் புதிதாகப் பரவிய இடத்திலும் பயாப்ஸி எடுப்பார்கள். சிலருக்கு முதல் கட்டியும் பரவிய கட்டியும் வேறு வேறு முடிவு காட்டும்.

2. மாதவிடாய் நின்றுவிட்டதா? நிற்காதவர்களுக்கு முதலில் சினைப்பையை ஊசியாலோ அறுவையாலோ அடக்க வேண்டும். அதைச் செய்யாமல் லெட்ரோசோல் மட்டும் கொடுத்தால் பலன் இருக்காது. இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்கு மாதவிடாய் வராது, ஆனா சினைப்பை உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கலாம். கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனவர்கள், அப்போது சினைப்பையையும் எடுத்தார்களா என்று பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

3. முன்பு என்ன மருந்து சாப்பிட்டீர்கள், எப்போது நிறுத்தினீர்கள்? டமாக்சிஃபென் முடித்து ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து நோய் வந்தால், ஹார்மோன் சிகிச்சைக்கு அது இன்னும் அடங்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். மாத்திரை சாப்பிடும்போதே வந்தால், நோய் அந்த மருந்தைத் தாண்டக் கற்றுக்கொண்டது என்று அர்த்தம். அடுத்து வேறு வகை மருந்து.

4. எங்கே பரவியிருக்கிறது, எவ்வளவு வேகம்? கல்லீரல், நுரையீரல் செயலிழக்கும் அளவுக்கு வேகமாகப் பரவினால் கீமோவை யோசிப்பார்கள். ஆனா இதிலும் மாற்றம் வருகிறது. நோய் தீவிரமாக இருந்த, மாதவிடாய் நிற்காத 222 பெண்களை வைத்து நடந்த ரைட் சாய்ஸ் என்ற ஆய்வில், கீமோ எடுத்தவர்களுக்கு நோய் சுமார் 13 மாதம் கட்டுக்குள் இருந்தது. ரிபோசிக்ளிப்போடு ஹார்மோன் மருந்து எடுத்தவர்களுக்கு சுமார் 22 மாதம்.

இதை வைத்து இன்று பலருக்கும் அமையும் வரிசை இப்படி: முதலில் லெட்ரோசோல் வகை மாத்திரையோடு சிடிகே 4/6 தடுப்பான். அது பலனை இழந்தால் ஃபுல்வெஸ்ட்ரன்ட், அல்லது மரபணு டெஸ்டின் முடிவைப் பொறுத்து வேறு இலக்கு மருந்து. இஎஸ்ஆர்1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால், பூட்டு சாவி இல்லாமலே திறந்துகொண்டது என்று பொருள். லெட்ரோசோல் வகைக்கு அது அடங்காது. அதற்கென்று எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரை 2023-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஹார்மோன் வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகு கீமோ, அதன் புதிய வடிவங்கள்.

பெரிய மருந்தை முதலிலேயே கொடுத்தே ஆகணுமா?

பணம் கட்டுகிற குடும்பத்துக்கு இதுதான் நிஜமான கேள்வி.

ரிபோசிக்ளிப்பை முதலிலேயே சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய ஆய்வில், மாதவிடாய் நின்ற பெண்கள் பாதிப் பேர் சுமார் 64 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களில் அது சுமார் 51 மாதம். ஒரு வருஷத்துக்கு மேல் வித்தியாசம். அதனால்தான் உலக வழிகாட்டிகள் முதலில் சேர்க்கச் சொல்கின்றன.

ஆனா நெதர்லாந்தில் 1,050 பேரை வைத்து சோனியா என்ற ஆய்வு வரிசையையே நேரடியாகச் சோதித்தது. ஒரு குழுவுக்கு சிடிகே மருந்து முதல் கட்டத்திலேயே. இன்னொரு குழுவுக்கு முதலில் ஹார்மோன் மாத்திரை மட்டும், அது பலன் இழந்த பிறகு இரண்டாம் கட்டத்தில் சிடிகே. பெரும்பாலானவர்கள் எடுத்தது பால்போசிக்ளிப். இரண்டு கட்டமும் சேர்த்து நோய் கட்டுக்குள் இருந்த காலம் 31 மாதம், 27 மாதம். புள்ளியியல் கணக்கில் இதை உறுதியான வித்தியாசமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. உயிர்வாழும் காலத்திலும் முதல் குழுவுக்கு மேன்மை தெரியவில்லை. ஆனா முதலில் தொடங்கியவர்கள் அந்த மருந்தை சுமார் 25 மாதம் சாப்பிட்டார்கள், பிறகு தொடங்கியவர்கள் சுமார் 8 மாதம். செலவும் பக்கவிளைவும் அதற்கேற்ப.

இதற்கு அர்த்தம், எல்லோரும் தள்ளிப்போடலாம் என்பதில்லை. இளம் வயது, வேகமான நோய், உள்ளுறுப்பில் பரவல் என்றால் முதலிலேயே சேர்ப்பதுதான் பாதுகாப்பு. ஆனா மெதுவாக வளரும், எலும்பில் மட்டும் இருக்கும் நோய், வயதானவர், கையில் காசு இல்லை என்றால், மாத்திரையில் தொடங்குவது குற்றம் செய்வது போல இல்லை. நிலத்தை விற்று ஆறு மாதம் பெரிய மருந்து வாங்கி, அப்புறம் எல்லாவற்றையும் நிறுத்துவதைவிட, நிறுத்தாமல் தொடரக்கூடிய வரிசையை டாக்டரோடு பேசி முடிவு செய்வது நல்லது. 2023 ஜனவரியில் இந்தியாவில் பால்போசிக்ளிப்பின் காப்புரிமை முடிந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகள் வந்து விலை நன்றாக இறங்கியிருக்கிறது. பழைய விலையைக் கேட்டுப் பயந்தவர்கள் திரும்ப ஒருமுறை விசாரியுங்கள்.

கடலூர், சிதம்பரத்தில் இருந்து போகிறவர்கள் கவனத்துக்கு

இந்தப் பக்கத்து நோயாளிகள் பொதுவாகப் போகும் இடங்கள் சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருக்கும் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், சென்னை அடையாறு. ஒரு ஊரில் பயாப்ஸி, இன்னொரு ஊரில் ஆபரேஷன், மூன்றாவது ஊரில் மருந்து என்று அலையும்போது தகவல் நடுவில் தொலைந்துபோகிறது. வரிசை தப்புவது பெரும்பாலும் இங்கேதான்.

* ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்ஸி பிளாக்கையும் ஸ்லைடையும் லேபில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது மெழுகில் பதித்த திசு. புது டெஸ்ட் எதற்கும் அதுதான் தேவைப்படும்.
* எந்த மாத்திரை, எந்த மாதம் தொடங்கினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாத்திரை அட்டையை போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.
* வலி குறைந்தது, நல்லா இருக்கேன் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மூட்டுவலி, உடம்பு சூடு பறப்பது, தூக்கமின்மை இருந்தால் சொல்லுங்கள், மாற்று வழி உண்டு.
* சிடிகே மருந்து எடுப்பவர்கள் ரத்த அணுக்கள் டெஸ்டைத் தள்ளிப்போடக் கூடாது. ரிபோசிக்ளிப் என்றால் ஈசிஜியும் வேண்டும். இவற்றை உள்ளூரிலேயே எடுத்து ரிப்போர்ட்டைக் காட்டலாமா என்று கேளுங்கள், பஸ் செலவு மிச்சம்.
* முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எது வரும், எது வராது என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் சிகிச்சை தொடங்கும் முன்பே கேளுங்கள்.
* டாக்டரிடம் கேட்க மூன்று கேள்வி: இந்த மருந்தை ஏன் முதலில் தருகிறீர்கள்? வேலை செய்கிறதா என்று எப்போது, எந்த டெஸ்டில் தெரியும்? பலன் நின்றுபோனால் அடுத்தது என்ன?

இந்தக் கட்டுரை பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் வரிசையை உங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய முடியும்.

1895-ல் பீட்சனிடம் வரிசை போட இரண்டே படிகள் இருந்தன. ஒரு தைராய்டு மாத்திரை, ஒரு கத்தி. யாருக்குப் பலிக்கும் என்று பார்க்க டெஸ்டும் கிடையாது. அப்படியும் லேசானதை முதலில் கொடுத்து, ஒரு மாதம் காத்திருந்து, பலன் இல்லை என்று தெரிந்த பிறகே அடுத்த படிக்குப் போனார். அதற்கு முன் நோயாளியிடமும் குடும்பத்திடமும் எல்லாவற்றையும் சொன்னார். இன்று படிகள் ஏழெட்டு ஆகிவிட்டன, டெஸ்டும் கையில் இருக்கிறது. அந்த உரையாடல் மட்டும் இன்னமும் ஒவ்வொரு குடும்பமும் கேட்டு வாங்க வேண்டியதாகவே இருக்கிறது. அடுத்த செக்கப்புக்குப் போகும்போது அந்த மூன்று கேள்வியையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.